லாரி கிளட்ச் பேரிங்: சரியான மாற்றுப் பேரிங்கைக் கண்டறிதல்

வண்டியின் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் வேண்டும்போது இணைத்து, வேண்டாதபோது பிரித்து வைக்கும் அமைப்பு கிளட்ச் ஆகும். கலைச்சொல்லாக இதனை உரசிணைப்பி என்றும் வழங்குவர். இந்த அமைப்புக்குள் சுழலும் பாகங்களைத் தாங்குபவை பேரிங்குகள், அதாவது தாங்கிகள். லாரி கிளட்ச் வேலைக்கு ஆகும் மொத்தச் செலவில் பேரிங்கின் விலை சிறு பங்குதான். ஆனாலும் அது தவறாக அமைந்துவிட்டால் செய்த வேலை முழுவதையும் மறுபடி செய்ய நேரிடும். கிளட்ச் பேரிங் எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. கியர் பாக்ஸை இறக்காமல் அதைத் தொட முடியாது.

கனரக லாரியின் கியர் பாக்ஸ் நூறு கிலோவுக்கு மேல் எடை கொண்டது. அதற்கு முன்னால் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்ற வேண்டும். கம்பிகளையும் குழாய்களையும் பிரிக்க வேண்டும். பிறகு ஜாக்கி கொடுத்து மெல்லப் பின்னுக்கு இழுத்து இறக்க வேண்டும். மதுரையில் சரக்கேற்றித் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் வண்டி அருப்புக்கோட்டைச் சாலையில் நின்றுவிட்டால், ஓட்டுநருக்கு ஒரு நாள் கூலியும் உரிமையாளருக்கு ஒரு நடை வாடகையும் போகும்; கப்பலுக்குக் குறித்த நேரமும் தவறலாம். அதே வேலையை ஒரு வாரத்தில் இரண்டாம் முறை செய்ய வேண்டி வந்தால் பட்டறைக்கும் வண்டிக்காரருக்கும் இடையே மனத்தாங்கல் வராமல் இருக்காது. பேரிங்கைச் சரியாக அடையாளம் காண்பதில் இவ்வளவும் அடங்கியிருக்கிறது.

மதுரை இந்த வேலைக்குப் பழகிய ஊர். டி. வி. சுந்தரம் அய்யங்கார் 1911 இல் தொடங்கிய பேருந்துத் தொழில், பின்னர் வண்டி விற்பனை, உதிரிப்பாகம், பழுதுபார்ப்பு என்று இங்கிருந்துதான் விரிந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பெட்ரோல் தட்டுப்பாட்டின்போது கரிவாயுவில் வண்டி ஓட்டும் கருவியையும் அந்நிறுவனம் செய்து விற்றது. 1972 இல் உருவான பாண்டியன் போக்குவரத்துக் கழகம் ஏராளமான பேருந்துகளுடன் இங்கே பணிமனைகளை நடத்தியது. தேசிய நெடுஞ்சாலைகள் 44, 38, 85 ஆகியவை மதுரையில் சந்திக்கின்றன. கப்பலூரிலும் கோ. புதூரிலும் சிட்கோ தொழிற்பேட்டைகள் உள்ளன. இயந்திரப் பொருள்களும் பேரிங்குகளும் வேண்டுவோர் சிம்மக்கல், ஒர்க்‌ஷாப் ரோடு பக்கம் போவது ஊர் வழக்கம். எனவே பேரிங் கிடைக்குமா என்பது இங்கே பெரும்பாலும் சிக்கலாவதில்லை. கடைக்காரரிடம் எந்தப் பேரிங்கைக் கேட்பது என்பதில்தான் தவறு நேர்கிறது.

பேரிங்குகள் இருக்கும் இடங்கள்

எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட் முனையில் ஃபிளைவீல் பொருத்தப்பட்டிருக்கும். அதன் முகத்தில் கிளட்ச் பிளேட்டும், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டும் இருக்கும். கிளட்ச் பிளேட்டின் நடுவில் உள்ள பல்வரிசையில் கியர் பாக்ஸின் கிளட்ச் ஷாஃப்ட் நுழைந்து நிற்கும். மிதியை மிதிக்கும்போது பிரஷர் பிளேட்டின் பிடி தளர்ந்து, எஞ்சின் தனியாகவும் கிளட்ச் ஷாஃப்ட் தனியாகவும் ஆகின்றன.

இதில் மூன்று பேரிங்குகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது பைலட் பேரிங். இதனை ஸ்பிகாட் பேரிங் என்றும் சொல்வர். கிளட்ச் ஷாஃப்டின் மூக்குப் போன்ற முனை இதற்குள் நுழைந்திருக்கும். ஃபிளைவீலின் நடுத்துளையிலோ கிராங்க் ஷாஃப்ட் முனையிலோ இது அடித்து உட்கார வைக்கப்பட்டிருக்கும். இரண்டாவது ரிலீஸ் பேரிங். பட்டறையில் கிளட்ச் பேரிங் என்று மொட்டையாகச் சொன்னால் பெரும்பாலும் இதைத்தான் குறிக்கும். மிதியின் விசையை ஃபோர்க் வழியாக வாங்கி, சுழன்றுகொண்டிருக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்களுக்கு அது கொடுக்கிறது. மூன்றாவது, கியர் பாக்ஸின் முன்வாயில் கிளட்ச் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங். கணக்குப்படி இது கியர் பாக்ஸைச் சேர்ந்தது. ஆனாலும் இதன் இரைச்சலைக் கிளட்ச் இரைச்சல் என்று எண்ணுவோர் பலர் என்பதால் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டியுள்ளது.

எது போயிருக்கிறது?

பேரிங்கைத் தேடுவதற்கு முன் எந்தப் பேரிங் கெட்டது என்று தெரிய வேண்டும். கியர் பாக்ஸை இறக்குவதற்கு முன்பே காதால் இதை ஓரளவு கண்டுபிடிக்கலாம். எது எப்போது சுழல்கிறது என்பதை நினைவில் வைத்தால் போதும்.

மிதியைத் தொடாதபோது கிராங்க் ஷாஃப்டும் கிளட்ச் ஷாஃப்டும் ஒன்றாகவே சுற்றுகின்றன. அப்போது பைலட் பேரிங்கின் உள்வளையமும் வெளிவளையமும் ஒரே வேகத்தில் போவதால் அதன் குண்டுகளுக்கு வேலை இல்லை. வண்டியை நியூட்ரலில் வைத்து, மிதியில் கால் வைக்காமல் எஞ்சினை ஓடவிட்டு, இரைச்சல் கேட்டால் கியர் பாக்ஸின் முன் பேரிங்கைத்தான் முதலில் ஐயப்பட வேண்டும். மிதியை முழுவதும் மிதித்து ஷாஃப்ட் நின்றவுடன் அந்த இரைச்சல் அடங்கினால் ஐயம் உறுதிப்படும்.

இதற்கு மாறாக, மிதியில் லேசாகக் கால் வைத்து அழுத்தத் தொடங்கும்போதே கிறீச்சிட்டால் ரிலீஸ் பேரிங் கெட்டிருக்கும். மிதியை முழுவதும் அழுத்திக் கியரும் போட்டு வண்டி நிற்கும் நிலையில், கிளட்ச் ஷாஃப்ட் அசையாமல் நிற்க கிராங்க் ஷாஃப்ட் மட்டும் சுற்றும். பைலட் பேரிங் முழு வேகத்தில் வேலை செய்யும் நேரம் அதுதான். அப்போது மட்டும் வரும் இரைச்சல் பைலட் பேரிங்கைக் காட்டுகிறது. பைலட் பேரிங் இறுகிப் போனால் இன்னொரு தொல்லையும் உண்டு. மிதியை எவ்வளவு மிதித்தாலும் கிளட்ச் ஷாஃப்ட் கூடவே இழுபட்டுச் சுற்றும். முதல் கியரும் ரிவர்ஸ் கியரும் கரகரவென்று அரைத்துக்கொண்டுதான் விழும். பலர் இதைப் பார்த்துக் கிளட்ச் பிளேட்டை மாற்றிவிட்டுப் பைலட் பேரிங்கை அப்படியே விட்டுவிடுவார்கள். பிளேட் புதிதாக இருந்தும் கியர் அரைப்பது நிற்காது.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஹைட்ராலிக் அமைப்புள்ள பல புதிய வண்டிகளில் ரிலீஸ் பேரிங் எப்போதும் விரல்களை லேசாகத் தொட்டபடியே சுற்றும். அவற்றில் மிதியைத் தொடாமலே ரிலீஸ் பேரிங் சத்தமிடலாம். மிதித்தால் சத்தத்தின் தன்மை மாறும்.

கிளட்ச் பேரிங்கின் ஆயுளைக் கிலோமீட்டரில் அளப்பது அவ்வளவு பொருத்தமல்ல. சென்னைக்கு இரவோடிரவாகப் போய் வரும் லாரியில் மணிக்கணக்காகக் கிளட்சை மிதிக்கவே வேண்டியிருக்காது. மாட்டுத்தாவணிக்கும் பெரியார் நிலையத்துக்கும் இடையே ஓடும் நகரப் பேருந்திலோ, குவாரிக்கும் கிரஷருக்கும் நடுவே நாள் முழுக்க நடையடிக்கும் டிப்பரிலோ ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் பேரிங் உழைக்கிறது. மிதியின் மேலேயே கால் வைத்து ஓட்டும் பழக்கம் இருந்தால் அந்த ஆயுளும் குறையும்.

பைலட் பேரிங்: எண்ணே முகவரி

தேடும் முறையில் பைலட் பேரிங்குக்கும் ரிலீஸ் பேரிங்குக்கும் அடிப்படை வேறுபாடு உண்டு. பைலட் பேரிங் பெரும்பாலும் சாதாரண ஆழப்பள்ளக் குண்டுத் தாங்கி. அதன் அளவுகளை ஐஎஸ்ஓ 15 என்னும் பன்னாட்டுத் தரம் வரையறுத்திருக்கிறது. சுவீடனின் எஸ்.கே.எஃப்., ஜெய்ப்பூரின் என்.பி.சி., ஜப்பானின் என்.எஸ்.கே. என்று யார் செய்தாலும் 6205 என்றால் உள்துளை 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர்தான். அதனால் எண் தெரிந்தால் எந்தத் தயாரிப்பாளரிடமும் வாங்கலாம்.

அந்த எண்ணைப் படிப்பது எளிது. முதல் இலக்கம் 6 என்பது ஆழப்பள்ளக் குண்டுத் தாங்கி வகையைக் குறிக்கும். அடுத்த இலக்கம் அளவுத் தொடர். கடைசி இரண்டு இலக்கங்கள் உள்துளை. 04 முதல் மேலே அந்த எண்ணை ஐந்தால் பெருக்கினால் துளையின் விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 05 என்றால் 25. அதற்குக் கீழே மட்டும் கணக்கு வேறு: 00 என்றால் 10, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. நடு இலக்கம் மாறினால் துளை மாறாமல் உடம்பு மாறும். 6005 இன் வெளிவிட்டம் 47, அகலம் 12. 6305 இன் வெளிவிட்டம் 62, அகலம் 17. இரண்டின் துளையும் 25 தான்.

பழைய பேரிங்கில் எண் அழிந்து போயிருந்தால் வெர்னியர் கொண்டு மூன்று அளவுகளையும் எடுக்க வேண்டும். மூன்றும் என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 6205, 6304 ஆகிய இரண்டுக்கும் வெளிவிட்டம் 52, அகலம் 15. ஃபிளைவீல் துளையில் இரண்டுமே கச்சிதமாக உட்காரும். ஆனால் ஒன்றின் உள்துளை 25, மற்றொன்றின் உள்துளை 20. 6204 உம் 6303 உம் இதே மாதிரி: வெளியே 47, அகலம் 14, உள்ளே 20 க்கும் 17 க்கும் வேறுபாடு. இன்னும் நுட்பமான இணை 6206 உம் 6305 உம். இரண்டுக்கும் வெளிவிட்டம் 62. அகலமோ 16, 17. அந்த ஒரு மில்லிமீட்டரைக் கண்ணால் பிடிப்பது கடினம்.

பேரிங் உடைந்து சிதறி அளக்க எதுவும் மிஞ்சாவிட்டால், ஃபிளைவீல் துளையையும் கிளட்ச் ஷாஃப்டின் மூக்கையும் அளக்கலாம். துளை 52 க்கு ஒரு நூலிழை குறைவாகவும், மூக்கு 25 க்கு ஒரு நூலிழை குறைவாகவும் காட்டுவது இயல்பே. முன்னது இறுக்கமாகவும் பின்னது நழுவிச் செல்லும்படியும் அமைய வேண்டும் என்பதற்காக அப்படிக் கடைந்திருப்பார்கள். மூக்கு கண்ணுக்குத் தெரியும்படி தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தால் புதுப் பேரிங் போட்டும் பயனில்லை. தேய்ந்த மூக்கில் பஞ்ச் வைத்துப் புள்ளி புள்ளியாக அடித்து மேடாக்கி இறுக்குவது பட்டறைகளில் பழகிய குறுக்கு வழி. புள்ளிகள் சில நாளில் தேய்ந்து மறுபடி ஆட்டம் கொடுக்கும். ஷாஃப்டை மாற்றுவது, அல்லது உலோகம் ஏற்றி மறுபடி கடைவதுதான் சரியான வழி.

இன்னொரு பொறி அங்குல அளவு. பிரிட்டிஷ் வடிவமைப்பின் வழியில் வந்த பழைய வண்டிகளில் அங்குலக் கணக்கில் செய்த பேரிங்குகள் இருக்கக்கூடும். ஓர் அங்குலத் துளை என்றால் வெர்னியர் 25.4 காட்டும். அதைத் தேய்ந்து போன 25 என்று எண்ணி மெட்ரிக் பேரிங்கை வாங்கினால் ஷாஃப்டில் ஏறாது. வெளிவிட்டமும் 57.15 போலப் பின்னமாக வந்தால் அது அங்குலப் பேரிங் என்று தெளியலாம்.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளைக் கடையில் பலர் விட்டுவிடுகிறார்கள். இசட்இசட் அல்லது 2இசட் என்றால் இரு பக்கமும் தகட்டு மூடி. 2ஆர்எஸ் என்றால் இரு பக்கமும் ரப்பர் மூடி. சி3 என்றால் உள் இடைவெளி வழக்கத்தைவிடக் கூடுதல். 25 மில்லிமீட்டர் துளையுள்ள பேரிங்கில் வழக்கமான இடைவெளி 5 முதல் 20 மைக்ரோமீட்டர். சி3 இல் 13 முதல் 28. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான் வேறுபாடு. ஆனால் கிளட்ச் வீட்டுக்குள் பிளேட் உரசிச் சூடேறும்போது வளையங்கள் விரிவதற்கு அந்த இடம் தேவை.

சூடு மூடியையும் கிரீஸையும் கூடப் பாதிக்கும். சாதாரண நைட்ரைல் ரப்பர் மூடி ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். ஃபுளோரோ ரப்பர் 200 டிகிரி வரை தாங்கும். மின்மோட்டாருக்கு என்று வைத்திருக்கும் 6205 ஐ அளவு சரியாக இருக்கிறது என்று கிளட்சில் போட்டால், நாளடைவில் கிரீஸ் உருகி வெளியே வரும். அது கிளட்ச் பிளேட்டில் தெறித்தால் புதிய பிளேட்டும் வழுக்கும். ஆகவே வண்டித் தயாரிப்பாளர் தனி மூடியும் தனிக் கிரீஸும் குறித்திருந்தால் அந்தக் குறிப்போடு கூடிய பேரிங்கையே வாங்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் ஓடும் வண்டிக்கு இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

ரிலீஸ் பேரிங்: வண்டியின் பெயரை நம்பக் கூடாது

ரிலீஸ் பேரிங்குக்கு இப்படிப்பட்ட பொது முகவரி கிடையாது. அது தனக்கென ஒரு கூட்டோடும், ஃபோர்க் பிடிக்கும் காதுகளோடும், கிளட்ச் வடிவத்துக்கு ஏற்ற முகத்தோடும் செய்யப்படுவது. அதில் பொறித்திருக்கும் எண் தயாரிப்பாளரின் சொந்த எண். ஒரு கம்பெனியின் எண்ணை இன்னொரு கம்பெனி அட்டவணையில் தேட, மாற்று எண் பட்டியல் வேண்டும்.

கடையில் வண்டிப் பெயரையும் ஆண்டையும் சொல்லி வாங்குவது வழக்கம். பெயர் ஒன்றாக இருந்தாலும் ஆண்டுக்கு ஆண்டு கிளட்ச் அளவு மாறியிருக்கலாம். லாரிகளில் 310, 330, 352, 380, 395, 430 மில்லிமீட்டர் என்று பல விட்டங்களில் கிளட்ச்கள் வருகின்றன. போதாக்குறைக்குப் பத்துப் பதினைந்து ஆண்டு ஓடிய லாரியில் கியர் பாக்ஸே வேறு வண்டியிலிருந்து வந்ததாக இருக்கக்கூடும். இரண்டு மூன்று கை மாறிய வண்டி என்றால், அதற்குள் எந்த வண்டியின் கிளட்ச் இருக்கிறது என்பது இப்போதைய உரிமையாளருக்கே தெரியாது. எனவே பிரஷர் பிளேட்டின் மேல் உள்ள பாக எண்ணையும் கியர் பாக்ஸில் உள்ள தகட்டையும் பார்ப்பது நல்லது. சேசிஸ் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் உதிரிப்பாகப் பட்டியலில் தேடிய பிறகும், கழற்றிய பழைய பேரிங்கோடு புதியதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.

ஒப்பிடும்போது முதலில் உயரத்தை அளக்க வேண்டும். ஃபோர்க் தொடும் இடத்திலிருந்து விரல்களைத் தொடும் முகம் வரை உள்ள அந்த உயரம் கூடினால் பேரிங் எப்போதும் விரல்களை அழுத்திக்கொண்டிருக்கும்; மிதியில் விளையாட்டு இருக்காது; கிளட்ச் முழுப் பிடி பிடிக்காமல் வழுக்கிக் கருகும். உயரம் குறைந்தால் மிதி தரை தட்டினாலும் கிளட்ச் முழுவதும் பிரியாது. அடுத்தது முகம். தட்டையான விரல் முனைகளுக்கு வளைந்த முகமும், வளைந்த முனைகளுக்குத் தட்டை முகமும் பொருந்தும். மாற்றிப் போட்டால் விரல்கள் சீக்கிரம் அரைபட்டுவிடும். பிறகு வழிகாட்டிக் குழாயின் மேல் நழுவும் உள்விட்டம். கடைசியாகத் தள்ளும் வகையா, இழுக்கும் வகையா என்பது. இழுக்கும் வகையில் பேரிங் பிரஷர் பிளேட்டோடு பூட்டு வளையத்தால் மாட்டப்பட்டிருக்கும். அந்தப் பூட்டை விடுவிக்காமல் கியர் பாக்ஸைப் பின்னுக்கு இழுத்தால் உடைவதற்கு வேறு காரணம் வேண்டாம்.

கியர் பாக்ஸ் முன் பேரிங்கைப் பற்றி ஒன்று சொன்னால் போதும். அதன் எண்ணுக்குப் பின்னால் என் அல்லது என்ஆர் என்ற எழுத்து இருந்தால் வெளிவளையத்தில் பூட்டு வளையத்துக்கான காடி உண்டு என்று பொருள். காடி இல்லாததை வாங்கினால் ஷாஃப்ட் தன் இடத்தில் நிற்காது.

வாங்கும்போதும் பொருத்தும்போதும்

போலிப் பேரிங்குகள் உலகமெங்கும் உள்ள தொல்லை. பெட்டியின் அச்சு மட்டும் அசலாக இருப்பது ஒன்றும் அரிதல்ல. எஸ்.கே.எஃப்., ஷேஃப்ளர் போன்ற நிறுவனங்கள் பெட்டியையும் குறியையும் கைப்பேசியில் படம் எடுத்துச் சரிபார்க்கச் செயலிகளை வெளியிட்டுள்ளன. பில் கொடுக்க மறுக்கும் இடத்தில் மலிவாகக் கிடைத்தால் இந்தச் சோதனையைச் செய்யாமல் வாங்கக் கூடாது.

பொருத்தும் இடத்தில் கெடுவதும் நிறைய. கழற்றிய சாமான்களை எல்லாம் டீசல் தட்டில் போட்டுக் கழுவுவது பட்டறை வழக்கம். மூடிய பேரிங்கையும் அதில் போட்டால் ஆயுளுக்கும் அடைத்து வைத்த கிரீஸ் கரைந்துவிடும். ரிலீஸ் பேரிங்கும் அப்படியே. துணியால் துடைத்தால் போதும். பைலட் பேரிங்கை ஃபிளைவீலில் ஏற்றும்போது வெளிவளையத்தில் மட்டும் படும்படி ஒரு குழாய்த் துண்டை வைத்து அடிக்க வேண்டும். உள்வளையத்தில் அடித்தால் அடி குண்டுகள் வழியாகப் போய் ஓடுபாதையில் சிறு குழிகளை உண்டாக்கும். புதுப் பேரிங் முதல் நாளே இரையத் தொடங்கும். கடையில் கொடுத்தது மோசம் என்ற பழி பல நேரம் இந்தச் சுத்தியலால் வருவது.

பழைய கிளட்ச் பிளேட்களின் உராய்வுப் பட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. கம்ப்ரசர் காற்றை அடித்துத் தூசியைக் கிளப்புவதை விட்டுவிட்டு, ஈரத்துணியால் துடைப்பது வேலை செய்யும் பையன்களின் நுரையீரலுக்கு நல்லது.

கியர் பாக்ஸ் கீழே இருக்கும்போதே கிராங்க் ஷாஃப்டின் பின் ஆயில் சீலையும் கியர் பாக்ஸின் முன் சீலையும் மாற்றிவிடலாம். வழிகாட்டிக் குழாயில் கீறல் விழுந்திருக்கிறதா, ஃபோர்க்கின் முனைகளும் அது திரும்பும் முளையும் தேய்ந்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். கீறிய குழாயில் ஏற்றிய புதிய ரிலீஸ் பேரிங் சிக்கிச் சிக்கி நகரும். கிளட்ச் வெடுக்கென்று பிடிக்கும். எல்லாம் மூடிய பிறகு, போட்ட மூன்று பேரிங்குகளின் எண்களையும், பின்னால் வரும் எழுத்துகளோடு சேர்த்து, வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் எழுதிவைப்பது நல்ல பட்டறைகளின் வழக்கம். அடுத்த முறை வண்டி எந்த ஊரில் நின்றாலும், கியர் பாக்ஸை இறக்கும் முன்பே பேரிங்கை வாங்கி வைத்துக்கொள்ள முடியும்.